மணலில் வெட்டிய கிணறு

தோணிப்பட்டினத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு காலி மனை விலைக்கு இருக்கிறது என்ற செய்தி, அந்த மனைக்குச் சொந்தக்காரியான பொன்னாத்தாளுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. எலச்சிப்பாளையத்துச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பேசிக்கொண்டார்கள். அவளோ கட்டுத்தரையில் உட்கார்ந்து எருமைக்குப் பனையோலை கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சோளத்தட்டுப் போர் தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. எருமை ஓலையை மோந்து பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

"என்னைப் பாத்தா? தின்னு சாமி. எனக்கும் இன்னைக்குக் கம்பஞ்சோறுதான்" என்றாள்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. முந்தின ஐப்பசியில் பெய்திருக்க வேண்டிய மழை பெய்யவில்லை. ஏரிகளில் ஆடு மேய்ந்தது. வேலியில் கிளுவை இலையுதிர்ந்து குச்சியாக நின்றது. மரவள்ளி நட்ட பொன்னாத்தாளின் குச்சிக்கிழங்குக் காடு மட்டும் உச்சியில் நாலைந்து இலையை வைத்துக்கொண்டு, இன்னொரு தண்ணீர் கிடைத்தால் பிழைத்துக்கொள்கிறேன் என்பது போல நின்றுகொண்டிருந்தது.

தோட்டத்துக் கிணறு இரண்டு பங்கு. சின்னுசாமிக்கு நாலு நாள், அவர் தம்பி, பொன்னாத்தாளின் கணவன் நாச்சிமுத்துவுக்கு நாலு நாள் என்று முறை. நாச்சிமுத்து செத்து மூன்று வருஷமாகிறது. மகளையும் பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அந்த நாலு நாளும் அதில் விளைவதும்தான் பொன்னாத்தாளின் பிழைப்பு. இப்போது கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது. மோட்டார் போட்டால் ஒரு பாத்தி நனைவதற்குள் காற்றை இழுத்தது.

சின்னுசாமி வாசலில் வந்து கனைத்தார். கூடவே தரகர் தங்கசாமி, டி.வி.எஸ். வண்டியை வேப்பமர நிழலில் சாய்த்துவிட்டு வந்தார். பொன்னாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். கணவனின் அண்ணன் எதிரில் அவள் உட்கார்ந்து பேசியதில்லை.

"அம்மிணி, உன்ற நல்ல நேரம் கடல்லிருந்து கெளம்பி வந்திருக்குது. அந்த மணலுக்கும் ஒருத்தன் ஆசைப்பட்டுட்டான்" என்றார் சின்னுசாமி.

"எந்த மணலுங்க மாமா?"

"எத்தனை மணலு வெச்சிருக்கறே? உன்ற ஊட்டுக்காரன் வாங்கிப் போட்டானே, அதுதான்."

"அதை விக்கறதுன்னு ஆருங்க சொன்னது?"

"நாந்தான் சொன்னேன். பின்னெ அதை வெச்சு என்ன பண்ணப்போறே, உப்புக் காச்சப் போறியா?"

தங்கசாமி சிரித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, அது வெளையற பூமிங்களா? பட்டணத்துக்காரரு ஒருத்தர் லாட்ஜு கட்டறாருங்க. பொறவு இந்த மாதிரி பார்ட்டி சிக்காதுங்க. பத்திரம் உங்க பேர்ல இருக்குது. ஒரு நடை வந்து கை வெச்சீங்கன்னா முடிஞ்சுதுங்க."

"அந்தப் பணத்தைக் கொண்டாந்து நம்ம கெணத்துல போடு. எனக்குப் பாதி, உனக்குப் பாதி. கிரேன் வெச்சு ஆழம் பண்ணீரலாம். குச்சிக்காடும் பொழைக்கும், என்ற மஞ்சக்காடும் பொழைக்கும். இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார் சின்னுசாமி.

அவர் சொன்னதில் தப்பில்லை. பொன்னாத்தாளுக்கும் அது தெரிந்தது. காய்ந்த பயிரைத் தினமும் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு ஆசை இல்லாமல் இருக்குமா? ஆனாலும் அவள் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"அதுல ஒரு கெணறு இருக்குதுங்களே."

"இருக்குதுங்க. நட்ட நடுவுல. அதை அவங்களே மூடிக்கறேன்னுட்டாங்க. மூடற செலவுகூட உங்களுக்கு இல்லைங்க" என்றார் தங்கசாமி, ஒரு சலுகையைச் சொல்வது போல.

பொன்னாத்தாள் உள்ளே போய் ஆளுக்கொரு சொம்பு நீர்மோர் கொண்டுவந்து வைத்தாள். "ரோசனை பண்ணிச் சொல்லறனுங்க" என்றாள்.

நாச்சிமுத்து லாரிக்காரர். ராசிபுரத்துக் கிழங்கு மாவைத் தெற்கே ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது கோழிப் பண்ணைகளுக்குக் கருவாடு ஏற்றிக்கொண்டு வருவார். அப்படிப் போன ஒரு நடையில்தான் அந்த மனையைப் பொன்னாத்தாள் பேரில் வாங்கினார். வாங்கிய கையோடு அவர் செய்த முதல் வேலை, அதில் கிணறு வெட்டியதுதான். வீடு கட்ட வாங்குகிற மனை அது. அங்கே உள்ளவர்கள் சுற்றி நின்று சிரித்தார்களாம், கடற்கரையில் எவனாவது கிணறு வெட்டுவானா என்று. கிணறு இல்லாத இடத்தைப் பூமி என்று சொல்ல இந்த ஊர்க்காரருக்கு நாக்கு வராது. அது அவர்களுக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்து சொன்னபோது சின்னுசாமியும் சிரித்தார். "மணலை வாங்கறான் ஒருத்தன். அதுல ஓட்டை வேற போடறான்" என்றார். ஆனால் ஒன்றரை ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்தது. அதில் உப்பு இல்லை.

மூன்றாம் நாள் மதியம் தெருவில் கருவாட்டு வாடை அடித்தது. அடுத்த வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சௌந்திரம், சின்னுசாமியின் மனைவி, மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். லாரியிலிருந்து இறங்கி ஒருத்தி நடந்து வந்தாள். கறுத்து ஒடிசலான பொம்பளை. கழுத்தில் சிலுவை கோத்த கயிறு, கையில் ஒரு தூக்குப்போசி.

"நாச்சிமுத்து அண்ணாச்சி வீடு இதானாக்கா?"

"ஆமாங்க. நீங்க ஆருங்க?" என்றாள் பொன்னாத்தாள்.

"தோணிப்பட்டினத்துலேந்து வாரேன். பேரு அன்னாள். அண்ணாச்சி கெணத்துல தண்ணி எடுக்குத ஆளு."

பொன்னாத்தாள் வாசற்படி இறங்கி வந்தாள். பிறகு, "வாங்க, வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனாள். கம்பஞ்சோற்றைக் கரைத்து, சின்ன வெங்காயம் உரித்து வைத்து, வட்டலை நீட்டினாள். அன்னாள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

"இது என்னக்கா, கம்பா? நல்லாருக்கு. எங்கூர்ல மீனுதான். மீனத் தின்னுட்டுத் தண்ணிக்கு அலையணும்." அவள் தூக்குப்போசியை முன்னால் நகர்த்தினாள். "இது அந்தக் கெணத்துத் தண்ணி. உங்களுக்குன்னு கொண்டாந்தேன். சிரிக்காதிய. வேற என்னத்தக் கொண்டார?"

பொன்னாத்தாள் ஊற்றிக் குடித்தாள். வழியெல்லாம் வெயிலில் வந்து சூடாகியிருந்தது. ஆனாலும் நல்ல தண்ணீர். தன் ஊரில் கைப்பம்பில் வருகிற உவர்ப்பைவிட நல்ல தண்ணீர்.

"அண்ணாச்சி வெட்டுமுன்னால நாங்க விடியுமுன்ன எந்திரிச்சு நாலு மைல் நடப்போம். திரும்பி வரயில புள்ளையளு அழுதுக்கிட்டுக் கெடக்கும். கெணறு வந்த பொறவு மொத ஒரு மாசம் ஒரே சண்டை. கொடத்தாலயே அடிச்சிக்கிட்டோம். அண்ணாச்சி லாரிய நிறுத்திட்டு வந்து, 'நீங்கெல்லாம் தண்ணி எடுக்கத் தெரியாத சனம்'னு ஏசிட்டு, முறை வச்சுக் குடுத்தாவ. காலம்பற மேலத்தெரு, சாயங்காலம் கீழத்தெரு. வீட்டுல சாவுன்னா அன்னிக்கு முறை கெடையாது, அவியதான் மொதல்ல எடுக்கணும். இன்னி வரைக்கும் அந்த முறைதான்."

பொன்னாத்தாள் சிரித்துவிட்டாள். "அங்க போயியும் முறை வெச்சாங்களாக்கும். அவங்க குணம் அது."

"காச்சல்ல விழுந்தப்ப எங்க வலைக்கொட்டாய்லதான் படுத்துக் கெடந்தாவ. நாங்க கஞ்சி காச்சிக் குடுத்தோம். தேவலையாயிட்டுன்னு லாரி ஏறுனாவ. பொறவு சாவுச் சேதிதான் வந்துச்சு." அன்னாள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வட்டலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போன வாரம் டேப்பு போட்டு அளந்துட்டுப் போனாவக்கா. வேற எடம் பாத்துக்கிடுங்கன்னு சொன்னாவ. நான் கெஞ்ச வரல்ல. விக்குறது உங்க இஷ்டம், உங்க சொத்து. ஆனா நாளைக்கு, ஐயோ அந்த அக்காளுக்குத் தெரியாமப் போச்சேன்னு நாங்க நெனைக்கக் கூடாதுல்லா? அதான் முகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போவம்னு வந்தேன்."

சாயங்கால லாரியிலேயே அவள் திரும்பிப் போனாள். பொன்னாத்தாள் ஒரு படி கம்பை மூட்டையாகக் கட்டிக்கொடுத்தாள். தூக்குப்போசியை வெறுமனே கொடுக்க மனமில்லாமல் அதில் ஒரு கை நிலக்கடலை போட்டாள். லாரி போன பிறகு காளியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு, அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அம்மனிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்ததை ஒப்புக்கொள்ளத் தைரியம் வேண்டியிருந்தது.

மறுநாள் மூத்தார் வீட்டுக்குப் போனாள். சின்னுசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சௌந்திரம் கொள்ளுப் பருப்பு பரிமாறிக்கொண்டிருந்தாள். தங்கசாமியும் பந்தியில் இருந்தார்.

"மாமா, கெணத்தை மட்டும் உட்டுட்டு, அதுக்கொரு தடமும் உட்டுட்டு வித்துக் குடுங்க. நான் கை வெக்கறேன்."

தங்கசாமி தலையை ஆட்டினார். "அன்னைக்கு நீங்க கெணறுன்னதுமே கேட்டுட்டனுங்கம்மா. ஆகாதுன்னுட்டாங்க. சுத்தியும் மதில் வருது. ரூம்புல தங்கறவங்க சன்னலைத் தொறந்தாக் கடல் தெரியோணுமாம். கொடத்தோட நிக்கற பொம்பளைங்க தெரியக் கூடாதாம்."

"அப்படீன்னா நான் விக்கலைங்க."

சின்னுசாமியின் கை சோற்றில் நின்றது. "அந்தக் கருவாட்டுக்காரி வந்து மந்திரம் போட்டுட்டுப் போயிட்டாளா?"

"அவங்க கம்பஞ்சோறு குடிச்சுட்டுப் போனாங்க. அவ்வளவுதானுங்க."

"இங்க பயிரு சாகுது. நீ அங்க ஆருக்கோ தண்ணிப் பந்தல் வெக்கறே!"

"தண்ணிய மூடறதுக்குக் கை நாட்டு வெச்சுப்போட்டு, அதே கையில நம்ம கெணத்துல வந்து நான் மடை திருப்போணுங்களா மாமா? எனக்குக் கை கூசுங்க. என்னால முடியாது."

சௌந்திரம் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு நின்றாள். சின்னுசாமி தண்ணீரைக் குடித்தார். கோபத்திலும் அவர் குரலை உயர்த்துகிறவர் அல்ல.

"சரி. நீ புண்ணியவதியாவே இரு. நான் கிரேனுக்குச் சொல்லியாச்சு. பாதி வெக்கறவங்களுக்குத்தான் பாதித் தண்ணி. இது நான் புதுசாச் சொல்லறதில்லை. ஊர்ல இருக்கற முறை. பாதி வெக்காட்டி அந்த நாலு நாளும் எனக்கு."

"பாதி வெக்கறனுங்க."

"எதைக் கொண்டு?"

"எருமை இருக்குதுங்க. பத்தாததுக்கு ஒடம்பு இருக்குதுங்க."

அவர் அதைப் பேச்சுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்.

எருமை திருச்செங்கோட்டுச் சந்தையில் போயிற்று. மூக்கணாங்கயிற்றை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள். அந்தப் பணம் கிரேன் வாடகையிலும் வெடிமருந்துச் செலவிலும் அவள் பாதிக்கு ஆயிற்று. ஆள் கூலிக்கு அவளிடம் மிச்சமில்லை. கிணறு வெட்டுகிற கூட்டம் வந்து இறங்கிய அன்று காலை, அவள் பழைய சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டி, தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு கிணற்றுமேட்டுக்கு வந்தாள். நாச்சிமுத்துவின் பழைய காக்கிச் சட்டையை மேலே போட்டிருந்தாள்.

"மேஸ்திரி, எனக்கொரு சட்டி குடுங்க."

சட்டி கேட்பது தோட்டத்துக்காரி என்றதும் மேஸ்திரி பதறிவிட்டார். "பண்ணாடிச்சி, நீங்க போயி எங்க கூட்டத்துப் பொம்பளைங்களோட கல்லுச் சுமக்கறதா? பண்ணாடி என்னைக் கொன்னே போடுவாருங்க."

"என்ற பங்கு ஆள்கூலிக்குப் பதிலா நான் நிக்கறேன். ரண்டு ஆள் வேலை செய்யறேன். குறைஞ்சா அப்பச் சொல்லுங்க."

பாறையில் தமரடித்துத் துளை போட்டு, வெடி வைத்து, புகை அடங்கியதும் ஆட்கள் உள்ளே இறங்கிக் கல்லை இரும்புத் தொட்டியில் அள்ளுவார்கள். கிரேன் அதைத் தூக்கி மேட்டில் கவிழ்க்கும். கவிழ்த்ததைப் பெண்கள் சட்டியில் சுமந்து அப்பால் கொட்ட வேண்டும். பாறை வெடித்த கல் கத்தி போல இருக்கும். முதல் நாளே உள்ளங்கை கிழிந்தது. பக்கத்தில் சுமந்த ஒருத்தி தன் தலைத்துணியில் ஒரு துண்டைக் கிழித்து, கேட்காமலே அவள் கையில் சுற்றிவிட்டாள்.

"பண்ணாடிச்சி, கல்லை நெஞ்சுல அணைக்காதீங்க. இடுப்புல வாங்குங்க. இது புருஷன் இல்லை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பொன்னாத்தாளும் சிரித்தாள். சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

ஊர் பார்த்தது. பால் ஊற்றப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். சின்னுசாமியால் தலையைத் தூக்கி நடக்க முடியவில்லை. இரண்டாம் நாள் மேட்டுக்கு வந்து நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"போதும். ஊட்டுக்குப் போ. உன்ற பங்கு ஆளுக்கும் சேத்தி நானே குடுத்துக்கறேன்."

"முறையும் எனக்குத்தானுங்களே?"

அவர் காலடியில் கிடந்த கல்லைக் காலால் தள்ளினார்.

"அப்ப நான் இங்கயே நிக்கறனுங்க. நகருங்க மாமா, தொட்டி வருது."

"ஏண்டி, குடும்ப மானத்தை வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"சொமக்கறதுல என்னுங்க மானம் போகுது? நம்ம கெணத்துக் கல்லு. நம்ம தலை."

அன்று மதியம் வேப்பமரத்தடியில் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, சௌந்திரம் வந்தாள். ஒரு பெரிய போசி நிறையப் பச்சப்புளி ரசமும், அரிசியும் பருப்புமாகப் பொங்கிய சோறும். கூட்டத்துக்கெல்லாம் ஊற்றினாள். பொன்னாத்தாளின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து விளக்கெண்ணெய்ச் சீசாவை எடுத்தாள்.

"அக்கா, மாமா பாத்தா வைவாங்க."

"வையட்டும். வாய் அவரோடது, எண்ணெய் என்னோடது" என்றாள் சௌந்திரம்.

கிணறு ஆழமாயிற்று. கடைசி வெடியில் கிழக்குப் பக்கம் பாறை விரிந்து, ஊற்று ஒன்று கசிந்தது. பெரிய ஊற்றில்லை. இரவெல்லாம் ஊறினால் பகலில் கொஞ்ச நேரம் மோட்டார் ஓடும். மேஸ்திரி கற்பூரம் கொளுத்தி, எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு போய்விட்டார்.

மூத்தவர் முறை முதலில். நாலு நாள் சின்னுசாமியின் மஞ்சள் காட்டுக்குப் போயிற்று. ஐந்தாம் நாள் காலை பொன்னாத்தாள் மண்வெட்டியோடு வந்தபோது, மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மறுபடியும் மஞ்சள் காட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சின்னுசாமி வாய்க்கால் ஓரத்தில் நின்றிருந்தார்.

"இன்னைக்கு என்ற முறைங்க மாமா."

"பணத்துல முழுசா வெக்காத பங்கு பங்காகாது. கூலிக்காரி மாதிரி நின்னே. கூலி வேணும்னாக் கேளு, தாரேன். தண்ணி கேக்காதே."

பொன்னாத்தாள் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினாள். வாய்க்கால் பிரியும் இடத்துக்கு வந்தாள். மஞ்சள் காட்டுப் பக்கம் மூன்று வெட்டு மண் போட்டு அடைத்தாள். தன் பக்கத்து மடையை ஒரே வெட்டில் திறந்தாள். தண்ணீர் ஒரு கணம் தயங்கிச் சுழன்று, அவள் பக்கம் திரும்பிற்று.

"மூடு!" என்றார் சின்னுசாமி. அவர் கையிலும் மண்வெட்டி இருந்தது.

"மூட மாட்டனுங்க."

"நான் வந்து மூடுனா?"

"வாங்க. நான் இங்கயேதான் நிக்கறேன். என்ற கால் மேல மண்ணைப் போட்டு மூடுங்க."

அவள் மடையின் நடுவில் இறங்கி நின்றாள். தண்ணீர் அவள் கணுக்காலின் இருபுறமும் போயிற்று. சின்னுசாமி இரண்டடி வந்தார். அவள் கையில் சுற்றியிருந்த துணி ரத்தத்தில் காய்ந்து கறுத்திருந்ததை அவர் பார்த்தார். அதற்கு மேல் வரவில்லை. போகவுமில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள்.

தை மாதத்திலிருந்து காய்ந்து கிடந்த வாய்க்கால் அது. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. போன தண்ணீர் இருபதடி தாண்டியதும் எலிவளை ஒன்றில் குடுகுடுவென்று இறங்கி, கரைக்கு அந்தப்புறம் கல்லாங்குத்துத் தரிசில் வெளிப்பட்டு, யாருக்கும் உதவாமல் ஓடிற்று. அதை இருவரும் பார்த்தார்கள்.

"தண்ணி கல்லுல போகுது பாரு" என்றார் சின்னுசாமி.

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

"போயி அடைக்கறதுதானே?"

"நான் அந்தப் பக்கம் போனா நீங்க இந்தப் பக்கம் மூடிப்போடுவீங்க. போகட்டுங்க. நான் நகர மாட்டேன்."

தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கல்லாங்குத்து நனைந்து பளபளத்தது. ஒரு காக்கை வந்து குடித்தது. சின்னுசாமி மோட்டார் கொட்டகையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். அவர் முகம் வலியில் இருப்பவர் முகம் போல ஆயிற்று. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்காத மனிதர்.

"அறிவு கெட்டவளே! கடக்கரையில கெணறு வெட்டுனவனோட பொண்டாட்டி வேற எப்படி இருப்பா! வாய்க்காலைச் செத்திச் சுத்தம் பண்ணி வெக்காம மடையத் தொறக்கறவளை நான் எந்த ஊர்லயும் பாத்ததில்லை!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடினார். இரண்டு வெட்டு மண்ணை அள்ளி எலிவளையில் போட்டார். குதிகாலால் ஓங்கி மிதித்தார். மறுபடியும் மண் போட்டு மறுபடியும் மிதித்தார். தண்ணீர் நிமிர்ந்து, வாய்க்கால் நிறைந்து, குச்சிக்காட்டைப் பார்த்து நகர்ந்தது.

பொன்னாத்தாள் மடையை விட்டு அசையவில்லை.

"மாமா, அதுக்குக் கீழ இன்னொரு வளை இருக்குதுங்க. அதையும் ஒரு மிதி மிதிச்சுட்டு வாங்க."

அவளை வைதுகொண்டே, தண்ணீருக்கு முன்னால் அவர் கீழே நடந்தார்.